வெயிலில் நிறுத்திய ஆட்டம்

இந்த வருடம் பெண்கள் ஹாக்கிப் போட்டியை மறுபடியும் இரண்டு மைதானங்களில் நடத்தப் போவதாகக் கேள்விப்பட்டேன். நல்லது. அணிகள் கூடிவிட்டால் வேறு வழி கிடையாது. உங்களில் பாதிப் பேர் உடற்கல்வி ஆசிரியர்களாகச் சேர்ந்து ஓரிரு வருடங்கள்தான் ஆகியிருக்கும். அட்டவணை போடுவது, நடுவர்களைப் பிரித்து அனுப்புவது, சாப்பாட்டு நேரம் ஒதுக்குவது இதையெல்லாம் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் காலத்தில் தாள் தாளாக எழுதி அடித்துத் திருத்தியதை நீங்கள் கைபேசியிலேயே முடித்துவிடுகிறீர்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். ஒரே போட்டி இரண்டு இடத்தில் நடக்கும்போது, நீங்கள் நிற்காத இடத்திலும் உங்கள் பெயரில்தான் எல்லாம் நடக்கும். பார்க்காத ஒன்றைப் பற்றி, பார்த்தவரைப் போல் முடிவு சொல்ல வேண்டிவரும். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முந்தி எனக்கு அப்படி ஒரு நாள் வாய்த்தது. அதைச் சொல்கிறேன்.

அந்த வருடம்தான் முதன்முதலாக இரண்டு மைதானம். கோவில்பட்டியில் செயற்கைப் புல் மைதானம் ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரியும். அதில் ஒரு நாளைக்கு இத்தனை ஆட்டம்தான் ஆட முடியும். வர விரும்பிய அணிகளோ அது தாங்குவதைப்போல் இரண்டு மடங்கு. பசுவந்தனை போகிற வழியில் ஒரு அரசுப் பள்ளியில் பொடிக்கல் சரள் பரப்பிய பெரிய மைதானம் இருந்தது. அதையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று போட்டியை நடத்தும் குழுவில் பேச்சு வந்தது. புல்லில் ஆடுவதும் சரளில் ஆடுவதும் ஒன்றா, யாருக்கு எது என்று எப்படிப் பிரிப்பது என்று எல்லோரும் தயங்கினார்கள்.

குழுவின் தலைவர், தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றின் முதலாளி. நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பள்ளி நாளில் ஹாக்கி ஆடியவர், முட்டி போனபின் பார்ப்பதோடு சரி. அவருடைய மருமகன் பெங்களூரில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் மேலாளராக இருந்தார். அவரிடம் கேட்டுவிட்டு வந்து அண்ணாச்சி எங்களுக்குச் சொன்னார். பெரிய கோல்ஃப் போட்டிகளில் ஆள் கூடிவிட்டால் இரண்டு மைதானத்தில் ஆட விடுவார்களாம். ஒன்று மேடும் பள்ளமுமாக இருக்கும், இன்னொன்று சமதளமாக இருக்கும். ஒன்றில் காற்று அடிக்கும், மற்றதில் அடிக்காது. அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். கடைசிச் சுற்றுக்கு முன்னால் ஒவ்வொருவரும் இரண்டிலும் ஆடியிருக்க வேண்டும். கஷ்டத்தையும் சுகத்தையும் எல்லோருக்கும் பங்கு வைத்துவிடுவது.

எங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. அப்படியே எடுத்துக்கொண்டோம். எந்த அணியும் புல்லில் ஒரு முறையாவது, சரளில் ஒரு முறையாவது ஆடாமல் அரையிறுதிக்குப் போக முடியாது.

போட்டி முழுவதற்கும் பொறுப்பு நான், சரள் மைதானத்துக்குச் செல்வராணி. அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை. எனக்கு ஆறேழு வயது இளையவள், என்னை அக்கா என்பாள், நான் செல்வி என்பேன். நாங்கள் இருவரும் எதிரெதிர் அணிகளின் பயிற்சியாளர்களாக நின்று சண்டை போட்டவர்கள். ஒரு வருடம் முழுக்கப் பேசாமலும் இருந்திருக்கிறோம். ஆனால் அவளிடம் ஒரு குணம். எதையும் கூட்டிச் சொல்லத் தெரியாது. கொதிக்கிற காய்ச்சலிலும் "லேசா மேலு சுடுது" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு ஓடுவாள்.

முதல் கூட்டத்திலேயே அவள் ஒரு சண்டை பிடித்தாள். அழைப்பில் நாங்கள் 'முதல் மைதானம்', 'இரண்டாம் மைதானம்' என்று போட்டிருந்தோம். "ரெண்டாவதுன்னு பேரு வச்சா, அங்கன ஆட வார பிள்ளைய எல்லாம் நம்மள ரெண்டாந்தரமா ஒதுக்கிட்டாங்கன்னுதான் நெனைக்கும். நடுவரும் ஏனோதானோன்னு வருவாரு. பேர மாத்துங்க" என்றாள். எனக்கு முதலில் அது வீண் ரோஷம் என்று பட்டது. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரி. பெயரை மாற்றினோம். ஊருக்குள் இருந்தது டவுன் மைதானம், அவளுடையது கரிசல் மைதானம். நீங்கள் நடத்தும்போதும் இதைக் கவனியுங்கள். இரண்டு இடத்துக்கும் ஒரே மாதிரிக் கொடி, ஒரே மாதிரித் தண்ணீர்ப் பந்தல், ஒரே தரத்து நடுவர். கரிசல் மைதானத்தில் ஆடிய பிள்ளைகளில் ஒருத்திகூட அந்தப் போட்டியில் தன்னை ஒதுக்கிவிட்டதாக நினைக்கவில்லை. அது செல்வியால்.

போட்டி புரட்டாசிக் கடைசியில் நடந்தது. அந்த வருடம் மழை தள்ளிக்கொண்டே போனது. விளாத்திகுளம், புதூர்ப் பக்கமெல்லாம் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் மண்ணுக்குள் அப்படியே கிடந்தன. இன்னும் ஒரு வாரம் பெய்யாவிட்டால் விதை போனது போனதுதான் என்று பேருந்தில் பேசிக்கொண்டார்கள். எங்களுக்கு அது வசதியாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆட்டங்களெல்லாம் தடங்கல் இல்லாமல் நடந்தன.

லீக் சுற்றின் கடைசி நாள் வந்தது. ஒரு பிரிவில் கோயம்புத்தூர்ப் பள்ளி அணியும் புதூர்ப் பக்கத்து அரசுப் பள்ளி அணியும் சமப் புள்ளியில் நின்றன. இரண்டில் ஒன்றுதான் அரையிறுதிக்குப் போகும். கோயம்புத்தூருக்கு அன்று டவுன் மைதானத்தில் ஆட்டம், எதிரணி மதுரைப் பள்ளி ஒன்று. புதூருக்குக் கரிசல் மைதானத்தில் ஆட்டம், எதிரணி திருச்சிப் பள்ளி. இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிய வேண்டும். ஒன்று முந்தி முடிந்தால், பிந்தி ஆடுகிறவர்களுக்கு எத்தனை கோல் வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒரு பிள்ளை எழுதிய விடைத்தாளைப் பார்த்துவிட்டு இன்னொரு பிள்ளை பரீட்சை எழுதுகிற மாதிரிதான் அது.

டவுன் மைதானத்தில் நான் இருந்தேன். சாயங்கால ஆட்டம்தான், ஆனால் வெயில் இறங்கவே இல்லை. கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் அன்று ஆடிய ஆட்டத்தை என்னால் மறக்க முடியாது. பவித்ரா என்று ஒரு பெண், அவள்தான் அணித் தலைவி. ஒல்லியாக, குரலே எழுப்பாமல், மட்டையை நீட்டிக் காட்டியே மற்றவர்களை நகர்த்துவாள். இடைவேளைக்குள் இரண்டு கோல் போட்டுவிட்டார்கள். மதுரைப் பிள்ளைகளால் நடுக்கோட்டைத் தாண்டவே முடியவில்லை. கரிசல் மைதானத்திலோ புதூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. பிற்பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், செல்வி போனில் வந்தாள்.

"மழ புடிச்சிட்டு அக்கா. நடுவரு நிறுத்திட்டாரு. நீங்களும் நிறுத்துங்க."

"என்னட்டி சொல்லுத? இங்கன வெயிலு மண்டையப் பொளக்குது."

"அங்கன எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது. இங்கன இனிமே ஆட முடியாது. நிறுத்துங்கக்கா."

அவள் சத்தம் போடவில்லை. கூரையில் தண்ணீர் விழுகிற இரைச்சல் அவள் குரலுக்குப் பின்னால் கேட்டது. நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு மேகம் கிடையாது. எதிரே மூன்று பக்கமும் கூட்டம். சிறப்பு விருந்தினர் வந்து உட்கார்ந்திருந்தார். பவித்ரா பந்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் மதுரைக் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். அவளை நிறுத்த எனக்கு மனசே வரவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்போம், மழை விட்டாலும் விட்டுவிடும் என்று ஒரு நினைப்பு ஓடியது. அந்த ஐந்து நிமிடத்தில் இங்கே இன்னொரு கோல் விழுந்தால் என்ன செய்வேன்? அதை எடுத்துக்கொள்வதா, விடுவதா? இரண்டும் அநியாயம்தான்.

பந்து வெளியே போகட்டும் என்று காத்திருந்தேன். போனதும் நடுவருக்குக் கை காட்டி ஆட்டத்தை நிறுத்தினேன்.

சுள்ளென்று அடிக்கிற வெயிலில், மழைக்காக ஆட்டம் நிறுத்தப்படுகிறது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு கத்தியது. யாரோ ஒரு குடையை விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு எங்கள் மேசைக்கு முன்னால் நடந்து காட்டினார். அதைத் தாங்கிக்கொள்ளலாம். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல், உள்ளூர்ப் பிள்ளைகள் தோற்கிறார்கள் என்றதும் நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னது. அதுதான் குத்தியது. புதூர் அணி பின்தங்கியிருந்தது உண்மை. நான் இந்த ஊர்க்காரி என்பதும் உண்மை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வேறு என்ன தோன்றும்?

கோயம்புத்தூர் அணியின் மேலாளர் நேராக என்னிடம் வந்தார். நாற்பது வயதிருக்கும், மரியாதையான மனிதர். கோபத்திலும் 'ங்க' போடாமல் பேசத் தெரியாது.

"இது நியாயமுங்களா டீச்சர்? எங்க புள்ளைங்க நல்லா ஆடிட்டிருக்கறப்ப நிறுத்தறீங்க."

நான் காரணத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருடைய போனுக்கு ஒரு தகவல் வந்தது. அந்தப் பக்கம் வண்டியில் போன யாரோ ஒருவர், வெறும் தூறல்தான், அதுவும் நின்றுவிட்டது என்று சொன்னாராம். அவர் அதை என்னிடம் சொன்னபோது குழு உறுப்பினர்களும் கூட நின்றார்கள். ஆட்டத்தைத் தொடர்ந்துவிடலாமே டீச்சர் என்று அவர்களில் ஒருவர் மெல்லச் சொன்னார். நான் செல்விக்குப் போன் போட்டேன். மழை விட்டுவிட்டதா என்று கேட்டேன். விட்டுவிட்டது என்றாள். அப்படியானால் ஆடலாமா என்று கேட்டேன்.

"மழதான் விட்டிருக்கு. தரை விடல" என்றாள்.

வைத்துவிட்டாள். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஒரு பக்கம் வண்டியில் போனவர் சொன்னது, இன்னொரு பக்கம் செல்வி சொன்னது. எனக்கு இரண்டையும் பார்க்க வழியில்லை. தூரத்தில் இருக்கும்போது நாம் வைத்திருப்பது அங்கே நிற்கிற ஆளைப் பற்றிய நம் அறிவு மட்டும்தான். அவள் லேசாக என்று சொன்னாலே பலமாக இருக்கும். முடியாது என்று சொல்கிறாள் என்றால் முடியாது. நான் தொடரச் சொல்லவில்லை. ஆனால் மேலாளருக்குச் செல்வியைத் தெரியாதே. அவர் ஏன் நம்ப வேண்டும்? "வாங்க, நேராப் பாத்துட்டு வருவோம்" என்று கூப்பிட்டேன்.

அண்ணாச்சியே காரை ஓட்டினார். ஊரைத் தாண்டி வெகுதூரம் வரை சாலை காய்ந்துதான் கிடந்தது. இரண்டு பக்கமும் கரிசல் வெடிப்பு விட்டுக் கிடந்தது. மேலாளர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். செல்வி எப்போதாவது ஒருமுறை தப்பாகச் சொல்லியிருந்தால், அது இன்றைக்காக இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

ஒரு பாலம் தாண்டியதும் மண் வாசனை வந்தது. அடுத்த வளைவில் சாலை கறுப்பாகப் பளபளத்தது. யாரோ கோடு கிழித்த மாதிரி, இந்தப் பக்கம் காய்ந்த தரை, அந்தப் பக்கம் ஈரம். புஞ்சைகளில் ஆட்கள் நின்றார்கள். வேலை ஒன்றும் இல்லை, சும்மா நின்றார்கள். ஒருவர் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டே காரை மறித்தார். அண்ணாச்சியை அவருக்குத் தெரியும்.

"அண்ணாச்சி, பேஞ்சிட்டு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

அண்ணாச்சி இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்ப வந்து உட்கார்ந்ததும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போன் போட்டு, காயப் போட்டிருக்கிற குச்சியை எல்லாம் உள்ளே எடுக்கச் சொன்னார். மழை அவர் தொழிலுக்கு ஆகாது. ஆனாலும் முகம் மலர்ந்துதான் இருந்தது. மேலாளர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரிசல் மைதானத்தில் செல்வி பள்ளி வாசலில் நின்றாள். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள், கணுக்கால் வரைக்கும் களிமண். இரண்டு அணிப் பிள்ளைகளையும் வகுப்பறை வராந்தாவில் உட்காரவைத்துத் துண்டு கொடுத்திருந்தாள். புதூர்ப் பிள்ளைகள் ஒரு கோல் பின்தங்கிய பிள்ளைகள் மாதிரி இல்லை. யாருடைய போனையோ வாங்கி வரிசையாக வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். "அங்கன பேயுதா? நம்ம காட்டுப் பக்கம் பேயுதா?" என்பதுதான் பேச்சு. புதூர்ப் பக்கம் அப்போது பெய்யத் தொடங்கியிருக்கவில்லை. பெய்யும், மேகம் அங்கேதான் போகிறது என்று திருச்சிப் பிள்ளைகள் அவர்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மேலாளர் மைதானத்தைப் பார்த்தார். மேலே பார்த்தால் சரள்தான் தெரிந்தது, தண்ணீர்கூட அதிகம் தேங்கவில்லை. ஆடலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். செல்வி தடுப்பதற்குள் அவர் இறங்கி நடந்துவிட்டார். நாலாவது எட்டில் சரளுக்கு அடியிலிருந்து கரிசல் மேலே வந்தது. ஒவ்வொரு காலிலும் ஒரு சட்டி மண் ஒட்டிக்கொண்டது. காலைத் தூக்கினார், கால் மட்டும் வந்தது, பூட்ஸ் வரவில்லை. ஒற்றைக்காலில் நின்றுகொண்டு அவர் தடுமாறியபோது பிள்ளைகள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. செல்வி உள்ளே போய் அவர் தோளைத் தாங்கிக்கொண்டு, பூட்ஸைப் பிடுங்கி எடுத்து வந்தாள். வராந்தாப் படியில் அவர் உட்கார்ந்தார். பூட்ஸில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்.

"இங்க ஆட முடியாதுங்க. ஒத்துக்கறேன். ஆனா எங்க புள்ளைங்ககிட்ட என்னங்க சொல்றது?"

"அத நான் சொல்லுதேன்" என்றேன்.

அன்றைக்கே டவுனுக்குத் திரும்பிக் கோயம்புத்தூர்ப் பிள்ளைகளிடம் போய்ச் சொன்னேன். நாளைக் காலை, நிறுத்திய இடத்திலிருந்து, அதே கோல் கணக்கோடு, இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடரும் என்றேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள். பவித்ரா மட்டும் தலையாட்டவில்லை. அவள் முகத்தில் கோபம் இல்லை. ஓடி வந்த வேகத்தில் ஒருவரைப் பிடித்து நிறுத்தினால் வருகிற திகைப்புதான் இருந்தது.

அடுத்த சிக்கல், எங்கே ஆடுவது? கரிசல் காய இரண்டு மூன்று நாளாவது ஆகும். ஒரே நேரத்தில் ஆட வேண்டும் என்றால் இன்னொரு சரள் மைதானம் வேண்டும். அது என் பள்ளியிலேயே இருந்தது. ஆனால் அதன்மேல்தான் எல்லா அணிகளுக்கும் சாப்பாட்டுப் பந்தல் போட்டிருந்தோம். பந்தலும் சாப்பாடும் அண்ணாச்சியின் உபயம், மூன்று நாள் பாடுபட்டுப் போட்டது. அவரிடம் எப்படிக் கேட்பது என்று நான் இழுத்துக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்.

"சோறு எங்கன வேணாலும் போடலாம் டீச்சர். கோடு அங்கனதான் போட முடியும்."

பந்தலைப் பிரித்தார்கள். நாளைக் காலைப் பலகாரம் தீப்பெட்டி ஆபீஸ் முற்றத்தில், குச்சி காயப் போடுகிற இடத்தில் என்று முடிவானது. கம்பு நட்ட குழிகளை மூடி, சரள் போட்டு, திமுசுக் கட்டையால் அடித்து இறுக்கினார்கள். செல்வி ஒவ்வொரு குழியாகப் போய்க் குதிகாலால் மிதித்துப் பார்த்தாள். பந்து அதில் பட்டுத் துள்ளினால் ஒரு பிள்ளையின் பல் போய்விடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டு இடத்தில் மறுபடியும் அடிக்க வைத்தாள். அந்த மைதானத்தில் புதூரும் ஆடியதில்லை, திருச்சியும் ஆடியதில்லை. அதனால் யாருக்கும் சாதகம் என்று இல்லை.

மறுநாள் காலை நான் டவுன் மைதானத்தில், செல்வி என் பள்ளியில். போனில் பேசிக்கொண்டே இரண்டு விசிலையும் ஒன்றாக ஊதவைத்தோம். இனி நான் சொல்லப் போவதைக் கேட்டு நீங்கள் என்னை என்ன நினைத்தாலும் சரி. கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் அந்த இரண்டு கோலைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். போட்டி நடத்துகிறவளுக்கு அப்படி ஒரு ஆசை இருக்கக் கூடாது. ஆனால் இருந்தது. அவர்கள் ஜெயித்துவிட்டால் நான் செய்தது யாரையும் காயப்படுத்தாமல் போயிருக்கும்.

அப்படி நடக்கவில்லை. இரவு முழுக்க மதுரைப் பயிற்சியாளர் தம் பிள்ளைகளோடு உட்கார்ந்து யோசித்திருக்கிறார். பவித்ராவை இருவர் விடாமல் மறித்தார்கள். முந்தின நாள் தன்போக்கில் ஓடிய ஆட்டம் அன்று திக்கித் திக்கி வந்தது. மதுரைக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது, கோல். கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் பதறினார்கள். முடியப் போகிற நேரத்தில் இன்னொரு கோல் விழுந்தது. ஆட்டம் சமன். என் பள்ளியில் புதூர் இரண்டு கோல் போட்டு ஜெயித்துவிட்டது என்று செல்வி போனில் சொன்னாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை. இங்கே எப்படி என்று கேட்டாள், சொன்னேன்.

புதூர் அரையிறுதிக்குப் போனது. கோயம்புத்தூர் வெளியேறியது.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இந்த இடம்தான். சட்டப்படி செய்தால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நினைத்துக்கொண்டு இந்த வேலைக்கு வராதீர்கள். நீங்கள் சரியாகவே செய்திருப்பீர்கள், அதனாலேயே ஒரு தப்பும் செய்யாத ஒரு பிள்ளை தோற்றுப்போயிருப்பாள். அப்போது மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளத் தோன்றும். பரிசளிப்பு வேலை இருக்கிறது, அடுத்த ஆட்டத்து நடுவர் வந்துவிட்டாரா பார்க்க வேண்டும் என்று நூறு சாக்குகள் கிடைக்கும். நானும் ஒன்றிரண்டைத் தேடினேன். பிறகு எழுந்து போனேன்.

பிள்ளைகள் கம்பி வேலி ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். சிலர் அழுதுகொண்டிருந்தார்கள். எனக்கு முந்தியே அண்ணாச்சி அங்கே நின்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனசோடுதான் சொன்னார். விளையாட்டு என்றால் இப்படித்தான், நேற்றைக்கே தொடர்ந்து ஆடியிருந்தாலும் இப்படித்தான் முடிந்திருக்கும், மதுரைக்காரப் பிள்ளைகள் பிற்பாதியில்தான் எப்போதும் எழுந்து ஆடுவார்கள், அதனால் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றார். மேலாளர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்களா என்று தெரியவில்லை.

நான் பவித்ராவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் அழவில்லை. கால் உறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர், நேத்து நீங்க நிறுத்தலைன்னா நாங்க ஜெயிச்சிருப்போமுங்களா?"

அண்ணாச்சி சொன்னதையே நானும் சொல்லியிருக்கலாம். எல்லோரும் அங்கே அதைத்தான் எதிர்பார்த்தார்கள். எனக்கும் அது பாதுகாப்பு. ஆட்டம் எப்படியும் இப்படித்தான் முடிந்திருக்கும் என்றால், என் முடிவால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று ஆகிவிடும். ஆனால் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. முந்தின நாள் அந்த ஆட்டத்தை நான் பார்த்தவள்.

"ஜெயிச்சிருப்பீங்க தாயி" என்றேன். "நேத்து நீங்க ஆடுன ஆட்டத்துக்கு அந்தப் பிள்ளைகளால ஒரு கோல்கூடப் போட்டிருக்க முடியாது. அங்கன மழ பேஞ்சிட்டு, நான் நிறுத்த வேண்டியதாப் போச்சு. நிறுத்துனது சரிதான். ஆனா உங்களுக்கு அது நட்டந்தான்."

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். மேலாளரும் நிமிர்ந்தார். அப்போதுதான் பவித்ராவுக்கு அழுகை வந்தது. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல், உடம்பு குலுங்க அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நாங்க நல்லாத்தான் ஆடியிருக்கோமுங்க" என்றாள்.

"நல்லா ஆடுனீங்க."

அவள் மற்றப் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களாடி?" என்றாள். அவர்கள் ஒவ்வொருவராக முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சாப்பிடப் போகலாமா என்று மேலாளரிடம் கேட்டார்கள்.